மறுபடியும் பார்த்தல்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மாமியார், ஒரு மருமகள். மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை. நல்ல மனம் உடையவள்தான். ஆனால் நயம் போதாது, பேச்சில் அடக்கம் இல்லை, முதிர்ச்சி இல்லை என்பது அவர் எண்ணம். மகன் தகுதிக்குக் குறைந்த இடத்தில் மணம் முடித்துவிட்டான் என்ற உறுத்தல் உள்ளூர உண்டு. எனினும் பண்பறிந்த அந்த அம்மையார் இவற்றுள் எதனையும் வெளிக்காட்டுவதில்லை. சொல்லிலும் செயலிலும் குறை வையாமல் மருமகளை நடத்துகிறார். காலம் செல்கிறது. ஒரு நாள் அவர் தம்மையே கேட்டுக்கொள்கிறார்: குறை அவளிடமா, பார்க்கும் கண்ணிலா? தம்மிடம் பழைமைப் பிடிப்பு உண்டு. குறுகிய நோக்கு உண்டு. மகனைப் பங்கிட நேர்ந்த பொறாமையும் உண்டு. அவர் மறுபடியும் பார்க்கிறார். அடக்கமின்மை என்று கண்டது கள்ளமின்மையாகத் தெரிகிறது. சிறுபிள்ளைத்தனம் என்று கண்டது இளமையின் மகிழ்ச்சியாகத் தெரிகிறது. மருமகள் மாறவில்லை. மாமியாரின் வெளி நடத்தையும் மாறவில்லை. ஆயினும் பெரியதோர் அறச்செயல் அங்கே நடந்தேறியிருக்கிறது.

தமிழ்ச் சிறுகதை ஒன்றின் சுருக்கம் போல ஒலிக்கும் இந்த எடுத்துக்காட்டு ஒரு மெய்யியல் நூலில் வருவது. ஐரிஸ் மர்டாக் எழுதி 1970-இல் வெளிவந்த 'த சாவரின்ட்டி ஆஃப் குட்' என்பது அந்நூல். அறம் என்பது நெருக்கடியான நேரத்தில் எடுக்கும் ஒரு முடிவு மட்டுமன்று; நாள்தோறும் பிறரை எப்படிப் பார்க்கிறோம் என்பதிலேயே அது பெரிதும் அடங்கியிருக்கிறது என்பது அவர் கொள்கை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்லிடமிருந்து 'கவனம்' என்ற கருத்தை அவர் எடுத்துக்கொண்டார். தன்னலத்தின் புகை கலையும்வரை ஒருவரை அன்போடும் நேர்மையோடும் பார்த்துக்கொண்டே இருத்தல் என்பது அச்சொல்லுக்கு அவர் தந்த பொருள்.

அந்தக் கொள்கையின் மிகக் கடுமையான தேர்வு அவருடைய வீட்டிலேயே பின்னாளில் நடந்தது. தேர்வை எழுத நேர்ந்தவர் அவர் அல்லர், அவருடைய கணவர்.

1919-இல் டப்ளின் நகரில் பிறந்த மர்டாக், ஆக்ஸ்போர்டில் 1948 முதல் 1963 வரை மெய்யியல் கற்பித்தார். 26 நாவல்கள் எழுதினார். 1978-இல் 'த சீ, த சீ' நாவலுக்காகப் புக்கர் பரிசு பெற்றார். 1956-இல் அவர் மணந்த ஜான் பெய்லி இலாகூரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராகவும் திறனாய்வாளராகவும் விளங்கியவர். இருவருக்கும் குழந்தைகள் இல்லை. சொற்களே அவ்வீட்டின் செல்வம்.

1994-இல் இசுரேலில் நடந்த ஒரு கருத்தரங்கில், அவையோர் கேட்ட வினாக்களுக்கு விடையளிக்க மர்டாக்கால் இயலவில்லை. சொற்கள் வரவில்லை. அவருடைய கடைசி நாவலாகிய 'ஜாக்சன்ஸ் டைலமா' 1995-இல் வெளிவந்தது. அதற்குப் பின் எழுத்து ஓடவில்லை. எழுத்தாளர்களுக்கு வரும் வழக்கமான தடை என்றே முதலில் கருதப்பட்டது. 1997-இல் அது அல்சைமர் நோய் எனத் தெரியவந்தது. 1999 பிப்ரவரி 8-ஆம் நாள் அவர் காலமானார்.

இறப்பிற்குப் பின் நிகழ்ந்த ஓர் ஆய்வு இந்த அவையினருக்குத் தனியாகச் சொல்லத்தக்கது. பீட்டர் கரார்டு என்னும் நரம்பியல் அறிஞரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மர்டாக்கின் மூன்று நாவல்களை ஒப்பிட்டனர்: 1954-இல் வந்த முதல் நாவல், 1978-இல் பரிசு பெற்ற நாவல், 1995-இல் வந்த கடைசி நாவல். மர்டாக் கையால் எழுதுபவர். பதிப்பாசிரியர் திருத்துவதை விரும்பாதவர். ஆகவே அச்சில் இருப்பது பெரும்பாலும் அவருடைய சொந்தச் சொல்லே. 2005-இல் வெளியான அந்த ஆய்வு கண்டது இது: வாக்கியங்களின் கட்டமைப்பு கடைசி நாவலிலும் பெரிதாகக் குலையவில்லை. குறைந்தது சொல்வளம். புதிய சொற்கள் அரிதாகி, எளிய, பழகிய சொற்களே மீண்டும் மீண்டும் வந்தன. மருத்துவர் கண்டறிவதற்கு முன்பே நோய் கையெழுத்துப் படிக்குள் நுழைந்துவிட்டது.

இதிலிருந்து கவிஞர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மொழி ஒரே நாளில் இடிந்து விழுவதில்லை. பெயர்ச்சொல் முன்னே போகிறது. தொடரின் ஓட்டம் பின்னும் நிற்கிறது. பொருள் மங்கிய பின்னும் ஓசை நிற்கிறது. கேலிச் சொற்களும், இருவருக்கு மட்டுமே விளங்கும் பழைய விளையாட்டுத் தொடர்களும் நோய் முற்றிய நாள்களிலும் மனைவியின் முகத்தில் சிரிப்பை வரவழைத்தன என்று பெய்லி எழுதியிருக்கிறார். பேசத் தடுமாறும் முதியவர், இளமையில் மனப்பாடம் செய்த பாட்டை ஒருவர் தொடங்கிவைத்தால் தாமே தொடர்ந்து பாடி முடிப்பதைத் தமிழ் வீடுகளிலும் காணலாம். யாப்பு மனிதனுக்குச் செய்யும் கடைசி உதவி அது.

பெய்லி எழுதிய நினைவு நூல் 'ஐரிஸ்' 1998-இல், மர்டாக் உயிரோடிருக்கும்போதே வெளிவந்தது. எப்போது கிளம்புகிறோம் என்ற கேள்வி ஓயாமல் வருவதையும், நிழல் போல மனைவி தம்மைப் பின்தொடர்வதையும், காலை வேளைகளில் சிறுவர்க்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்து பார்த்ததையும் அதில் எழுதினார். தாம் பொறுமை இழந்து கத்தியதையும் ஒளிக்கவில்லை. நூலின் பெருமையே அந்த ஒளிவின்மைதான். தியாகி ஒருவரின் திருவுருவத்தை அவர் வரையவில்லை. களைத்துப்போன ஒரு மனிதனின் நாள்களை எழுதினார்.

அந்நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள இயலாத ஒருவரை, அவருடைய ஒப்புதலைப் பெற இயலாத நிலையில், உலகின் முன் நிறுத்தலாமா என்று கேட்டனர். வலுவான கேள்வி அது. மறுபக்கமும் வலுவானதே: எல்லாரும் மறைத்தால் அடுத்த வீட்டில் இதே துன்பத்தில் தனித்திருப்பவருக்குத் துணை ஏது? இரண்டுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு உண்டு. பராமரிப்பவர் தம் களைப்பை, தம் சினத்தை, தம் குற்ற உணர்வை எழுத முழு உரிமை உடையவர். அது அவருடைய வாழ்வு. நோயுற்றவரின் ஆடை குலைந்த நேரத்தை, அவர் இருளில் அழுத நேரத்தை அழகிய படிமம் ஆக்குவதற்கு முன், அவர் நலமாக இருந்திருந்தால் இதனைப் படித்து என்ன சொல்வார் என்று ஒரு முறை எண்ணிப்பார்ப்பது எழுத்தறம். அந்தக் கேள்வியைத் தாண்டி நிற்கும் வரிகள் நிற்கட்டும்.

சொல்லின் பொறுப்பு கவிதையோடு முடிவதில்லை. நோய்க்கு இடும் பெயரிலேயே அது தொடங்குகிறது. ஈழத் தமிழில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். இந்தியில் வழங்கும் 'சட்டியானா' என்ற சொல்லுக்கு அறுபதாகிப்போதல் என்பது நேர்ப்பொருள். தமிழர் மணவிழா எடுக்கும் அந்த வயதே அங்கே தடுமாற்றத்தின் பெயராகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 'வயதான கோளாறு' என்பர். அல்லது கனிவோடு, 'குழந்தை மாதிரி ஆகிவிட்டார்' என்பர்.

முதல் வகைப் பெயர்கள் இழிவு செய்கின்றன. 'வயதான கோளாறு' என்பது மருத்துவத்திற்கான கதவை அடைக்கிறது. கனிவோடு சொல்லும் 'குழந்தை' என்பதும் தீங்கற்றதன்று. குழந்தைக்குப் பின்னே வாழ்வு இல்லை. முன்னே வளர்ச்சி உண்டு. எழுபது வயது முதியவருக்குப் பின்னே எழுபது ஆண்டுகள் உள்ளன. அவர் கடன் அடைத்தவர், பிள்ளை பெற்றவர், வழக்கு நடத்தியவர், காதலித்தவர். அவரைக் குழந்தை என்று அழைத்த மறுகணமே, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் படர்க்கையில் பேசத் தொடங்கிவிடுகிறோம்: 'சாப்பிட்டாரா? தூங்கினாரா? இன்றைக்குத் தொல்லை கொடுத்தாரா?' இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பணியாற்றிய டாம் கிட்வுட் என்பார், 1997-இல் வந்த தம் 'டிமென்ஷியா ரீகன்சிடர்டு' என்ற நூலில் இவ்வகை நடத்தைகளை வகைப்படுத்தினார். குழந்தையாக நடத்துதல், அவர் வேகத்திற்கு மீறி அவசரப்படுத்துதல், இருக்கும்போதே இல்லாதவர் போல் பேசுதல் ஆகியன அப்பட்டியலில் அடங்கும். நோய் அழிப்பது ஒரு பகுதி. சுற்றியிருப்போர் கெடுப்பது மறுபகுதி என்பது அவர் கண்ட உண்மை. அந்த மறுபகுதியைத் திருத்துவது பிறர் கையில் இருக்கிறது.

நோயைப் பற்றிய அடிப்படைகளையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். மறதிநோய் என்று தமிழில் வழங்கும் டிமென்ஷியா ஒரே நோயன்று. மூளையைத் தாக்கும் பல நோய்களின் விளைவு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். அது முதுமையின் இயல்பான பகுதியும் அன்று. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பது யாருக்கும் உண்டு. பழகிய தெருவில் வழி தவறுவதும், நெடுநாள் செய்த சமையலின் வரிசை குழம்புவதும் மருத்துவரிடம் செல்லவேண்டிய அறிகுறிகள். தைராய்டு குறைபாடு, பி-12 வைட்டமின் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் இதே தோற்றம் காட்டலாம். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் மிகுந்தால் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புதிய மருந்தோ காரணமாகலாம்; உடனே காட்டவேண்டும். டோனபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் ஓரளவு துணை செய்கின்றன. 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனமாப் என்னும் மருந்து தொடக்க நிலையில் நோயின் போக்கைச் சற்றே தாமதப்படுத்துகிறது. போன நினைவை மீட்டுத் தருவதில்லை. 2024-இல் லான்செட் ஆணையம், மாற்றத்தக்க 14 காரணிகளைக் கவனித்தால் உலக அளவில் 45 விழுக்காடு வரை நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் அவற்றுள் அடங்கும். கவனியாது விட்ட காது மந்தமும், பிறரோடு பழகாத தனிமையும் அடங்கும்.

இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. உலக அளவில் 2021-இல் 5 கோடியே 70 இலட்சம் பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் நண்பர்களும் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம் செலவிடுகின்றனர் என்பதும், அந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே தருகின்றனர் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

அந்தப் பெண்களில் ஒருத்தியை, தமிழ் வீட்டின் ஒரு மருமகளை, எண்ணிப்பார்க்கலாம். மாலை ஐந்து மணி ஆனதும் மாமியார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். வீட்டிற்குப் போகவேண்டும் என்கிறார். முப்பதாண்டு வாழ்ந்த வீட்டில் நின்றுகொண்டுதான் கேட்கிறார். 'இதுதானே உங்கள் வீடு' என்று விளக்குவதால் பயன் இல்லை; கேட்பது முகவரியன்று, பாதுகாப்பு. 'போகலாம் அத்தை, காப்பி குடித்துவிட்டுப் போகலாம்' என்று அவள் கையைப் பற்றி இரண்டு தெரு நடந்து திரும்புகிறாள். இரவில், வளையலை மருமகள் திருடிவிட்டாள் என்ற குற்றச்சாட்டு. மறுத்து வாதாடினால் ஐயம் வளரும் என்பதையும், 'வாருங்கள் அத்தை, சேர்ந்து தேடுவோம்' என்றால் தணியும் என்பதையும் யாரும் சொல்லித்தராமலே அவள் கற்றிருக்கிறாள். அவளைக் கொல்வது இவையல்ல. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் வந்துபோகும் உறவினரின் முன் மாமியார் பழைய மரியாதையோடு அமர்ந்து, பழைய சிரிப்போடு பேசிவிடுகிறார். அந்நோயில் அப்படி நேர்வதுண்டு. 'நன்றாகத்தானே இருக்கிறார்கள், நீதான் பெரிதுபடுத்துகிறாய்' என்று சொல்லிவிட்டு அவர்கள் பேருந்து ஏறுகிறார்கள். அவளைக் கொல்வது அந்த வாக்கியம்.

பெய்லிக்குப் பேராசிரியர் பதவியின் மதிப்பு இருந்தது, நண்பர்கள் இருந்தனர், அவர் களைப்பைப் படிக்க உலகம் இருந்தது. அவருடைய நூலைத் தழுவி 2001-இல் திரைப்படமே வந்தது. கடைசி வாரங்களில் மனைவியை ஏற்றுக்கொள்ள ஆக்ஸ்போர்டில் ஒரு பராமரிப்பு இல்லமும் இருந்தது. மேற்சொன்ன மருமகளுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தூக்கமின்மையும் முதுகுவலியும் மட்டுமே உண்டு; ஒரு கணம் 'போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று நினைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அதற்காகத் தன்னையே தண்டித்துக்கொள்ளும் மனம் உண்டு. அந்நினைப்பு களைப்பின் குரல், கொடுமையின் குரலன்று. இதை அவளிடம் யாரேனும் ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

சொல்வதால் பயன் உண்டா என்று கேட்போருக்குக் கோவாவிலிருந்து விடை கிடைத்திருக்கிறது. மறதிநோயாளரில் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வில் பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதன்று என்ற குறையைச் சுட்டி, 1998-இல் கொச்சியில் 'டென் / சிக்ஸ்டிசிக்ஸ்' என்னும் ஆய்வுக்குழு உருவாயிற்று. அக்குழுவினரின் வழியில் கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. மருத்துவர் அல்லாத, உள்ளூர் மொழி பேசும், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர். நோயைப் பற்றி விளக்கினர். பராமரிப்பவர் பேசுவதைக் கேட்டனர். சிறு சிறு வழிகள் சொன்னார்கள். நோயுற்றவரின் நிலையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் பராமரிப்பவரின் மனநலம் தேறியது, மனத்துயரம் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே பயன்படவில்லை. பயன்பட்டது கவனம், மர்டாக் கூறிய அதே கவனம்.

இனி, இலக்கிய வட்டம் ஒன்று இதில் செய்யத்தக்கது என்ன?

எந்த இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும், ஒரு பக்கத்தில் இருந்து அடுத்த பக்கத்தில் காணாமற்போன பெயர்கள் சில இருக்கும். சிலர் ஊர் மாறியிருப்பர். சிலர் கருத்து வேறுபட்டிருப்பர். சிலர், சொன்ன கவிதையையே மறுபடி சொல்லிவிட்டோமோ என்று அஞ்சி நின்றிருப்பர். சிலர், வீட்டில் ஒருவரை விட்டுவிட்டு வர இயலாமல் நின்றிருப்பர். பின்னிரு வகையினரையும் வட்டம் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. தொல்லை தரவேண்டாம் என்ற நல்லெண்ணமே காரணம். அந்த நல்லெண்ணம் அவ்வீட்டின் வாசலில் வந்து நிற்கும்போது, அதன் பெயர் கைவிடுதல் என்று ஆகிவிடுகிறது.

செய்யத்தக்கவை எளியவை. மாதக் கூட்டங்களில் ஒன்றை அப்படிப்பட்ட ஒரு வீட்டின் கூடத்தில் நடத்தலாம். ஆறு பேர் போதும், ஒலிபெருக்கி வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை, இருவர் சென்று இரண்டு மணி நேரம் நோயுற்றவருடன் அமர்ந்திருந்தால், பராமரிப்பவர் கடைக்கோ, கோயிலுக்கோ, வெறுமனே கடற்கரைக்கோ போய்வரலாம். 'ஏதேனும் உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்' என்பது உதவியன்று; 'வியாழக்கிழமை நான்கு மணிக்கு வருகிறோம்' என்பதே உதவி. சென்றவர் 'என்னைத் தெரிகிறதா?' என்று தேர்வு வைக்கவேண்டா. தம் பெயரைத் தாமே சொல்லி, எதிரில் அமர்ந்து, ஒரு நேரத்தில் ஒரு செய்தியைச் சொல்லிக் காத்திருக்கலாம். அவர் கற்ற பழம்பாடல் ஒன்றை உரக்கப் படிக்கலாம். அவர் தவறாகச் சொல்லும் ஆண்டையும் பெயரையும் திருத்தாமல் விடலாம். வரலாற்றுக்கு அதனால் கேடில்லை. புறப்படும்போது, நோயுற்றவரை விசாரித்த அதே கனிவோடு, 'நீங்கள் தூங்கினீர்களா?' என்று பராமரிப்பவரையும் கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டு அவர் கண்கலங்கினால், அது எத்தனை மாதமாகக் கேட்கப்படாத கேள்வி என்பது விளங்கும்.

மர்டாக்கின் எடுத்துக்காட்டில் மறுபடியும் பார்த்தவர் மாமியார். தமிழ் வீடுகளில் அந்த முறை மாறி, இப்போது மருமகள் பார்க்கிறாள்: திருடி என்று தன்னைத் தூற்றும் முகத்தில், தன் மகப்பேற்றின்போது இரவெல்லாம் கண்விழித்த அதே அத்தையைத் தேடிப் பார்க்கிறாள். ஒவ்வொரு நாளும், களைத்த கண்ணோடு, மறுபடியும் பார்க்கிறாள். அவளுடைய அந்தப் பார்வையை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கவிஞர்கள். அவர்களுடைய பார்வை அவள்மேல் ஒரு முறை படியவேண்டும். படிந்தபின், வியாழக்கிழமை நான்கு மணிக்கு அவர்கள் கை அவ்வீட்டின் கதவைத் தட்டவேண்டும். அதன் பிறகு கவிதை பிறந்தால் பிறக்கட்டும். பிறக்காவிட்டாலும் குறையொன்றும் இல்லை.